பெயர்ப் பதிவேட்டைத் திருத்தும் தானியங்கிக் கருவிகள்

2025-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 20-ஆம் நாள் தீபாவளித் திருநாள். அன்று நம் நாட்டு நேரப்படி நண்பகல் 12 மணி 18 நிமிட அளவில், அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் அமேசான் கம்பெனியார் நடத்திவரும் கணிப்பொறி நிலையங்களைச் சார்ந்த ஒரு பெயருக்கு எதிரே இருக்கவேண்டிய எண் முகவரிகள் யாவும் மறைந்துபோயின. கணிப்பொறிகள் பழுதின்றி ஓடிக்கொண்டிருந்தன, மின்சாரமும் நிற்கவில்லை. ஆயினும் அப்பெயரைச் சொல்லி முகவரி கேட்டவர்களுக்கு விடையாகக் கிடைத்தது வெறுமையே. அப்பெயரின் வழியே அடையப்பட்ட டைனமோ டிபி என்னும் தரவுக் களஞ்சியமும், அதனைச் சார்ந்து இயங்கிய பிற சேவைகளும் ஒன்றன்பின் ஒன்றாக முடங்கின. பல நாட்டினரும் நாள்தோறும் பயன்படுத்தும் ஸ்னாப்சாட், ஃபோர்ட்நைட் போன்றவை தடைப்பட்டன. எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பச் சுமார் பதினான்கு மணி நேரம் சென்றது.

அந்த எண்களை மனிதர் எவரும் அழிக்கவில்லை. பெயர்ப் பதிவுகளைத் தாமே திருத்தும்படி அமைக்கப்பட்ட தானியங்கிக் கருவிகளே அழித்தன. அவை செய்த ஒவ்வொரு செயலும், தனித்தனியே நோக்கின், அவற்றிற்கு இடப்பட்ட கட்டளைப்படியே நிகழ்ந்தது என்பதுதான் வியப்பு. இஃது எங்ஙனம் நேர்ந்தது என்பதை அறிய வேண்டுமாயின், பெயர்ப் பதிவேடு என்பது யாது, அதனை ஒரு கருவி எம்முறையில் திருத்துகிறது என்பவற்றை முதலில் காணல் வேண்டும்.

ஒரே கோப்பு பல பதிவேடுகளானது

இணையத்தில் இயங்கும் கணிப்பொறிகள் ஒன்றையொன்று எண்களாலேயே அடையாளம் கண்டுகொள்கின்றன. 192.0.2.10 என்பது போன்ற எண்களை மனிதர் நினைவில் வைத்தல் அரிது. ஆகவே பெயர்களை வழங்குகிறோம். பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்லும் ஏற்பாட்டுக்கு டொமைன் பெயர் முறை என்று பெயர், டி.என்.எஸ். எனச் சுருக்கமாக வழங்குவர்.

இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையில் சில நூறு கணிப்பொறிகளே இருந்த காலத்தில், அவற்றின் பெயர்களும் எண்களும் ஒரே கோப்பில் எழுதப்பட்டிருந்தன. அக்கோப்பு கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்னுமிடத்தில் இருந்த தகவல் மையத்தில், எலிசபெத் ஃபைன்லர் அம்மையாரின் பொறுப்பில் இருந்தது. புதிதாக ஒரு கணிப்பொறியைச் சேர்ப்போர் அம்மையத்துக்குத் தெரிவிப்பர். மையத்தார் கோப்பில் எழுதுவர். ஏனையோர் அதனைப் பிரதி எடுத்துக்கொள்வர். வலை விரிவடைய விரிவடைய, எழுதும் வேலையும் பிரதி எடுக்கும் வேலையும் தாங்கமுடியாதனவாயின. 1983-ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் என்னும் விஞ்ஞானி, தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் விஞ்ஞான நிலையத்தில் பணியாற்றுகையில், அந்த ஒற்றைக் கோப்பைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் அதற்குரியவரே பேணும் முறையை வகுத்தார். இணைய நியமங்களுள் 882, 883 என்னும் எண்களில் வெளியான அம்முறை 1987-இல் திருத்தப்பட்டு 1034, 1035 என்னும் எண்களைப் பெற்றது. இன்று நாம் பயன்படுத்தும் முறைக்கு அவ்விரண்டுமே அடிப்படை.

ஒருவர் பொறுப்பில் உள்ள துண்டு மண்டலம் எனப்படும். நம் நாட்டுக்குரிய ‘.இந்தியா’ என்னும் தமிழ் எழுத்துப் பெயர் ஒரு மண்டலம். அதன் கீழ் ஒரு கல்லூரி பெயர் பெற்றுக்கொண்டால், அக்கல்லூரியின் பெயர் தனி மண்டலமாகிறது. அதனுள் எழுதுவதும் அழிப்பதும் கல்லூரியின் உரிமை. இக்கட்டுரையில் விளக்கத்துக்காக ‘உதாரணம்.பரிட்சை’ என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். இது கற்பனைப் பெயர் அன்று. தமிழ் உள்ளிட்ட மொழிகளின் எழுத்துக்களில் பெயர்கள் இயங்குமா என்று சோதிப்பதற்காக 2007-ஆம் ஆண்டில் உலகப் பெயரேட்டில் சேர்க்கப்பட்டுச் சில ஆண்டுகளுக்குப்பின் நீக்கப்பட்ட பெயர் இது. (‘பரீட்சை’ என்னும் நெடில் ஏன் குறுகிற்று என்று கேட்கும் புலவர்கள் பொறுத்தருள்க, பதிவான வடிவம் அதுவே.) இப்போது அதற்கு உரிமையாளர் இல்லையாதலால், நம் சோதனைகளால் எவருக்கும் இடர் இல்லை.

மண்டலத்தின் பதிவேட்டில் பலவகைப் பதிவுகள் உண்டு. பெயருக்கு எண் கூறுவது ஒருவகை. அஞ்சலை எந்தக் கணிப்பொறி ஏற்கும் என்று கூறுவது ஒருவகை. வெறும் வாசகத்தைத் தாங்குவது மற்றொரு வகை. மண்டலத்தின் தலைப்பில் நிற்கும் தலைமைப் பதிவு ஒன்றும் உண்டு. அதன் சிறப்பை இனிக் காண்போம்.

ஆயுட்காலமும் வரிசை எண்ணும்

பதிவேட்டைத் திருத்துவது எளிது. திருத்தம் உலகுக்குத் தெரிவது எளிதன்று. அதற்குக் காரணம் இரண்டு.

முதலாவது, ஒவ்வொரு பதிவுக்கும் ஆயுட்காலம் என ஒன்று விநாடிக் கணக்கில் குறிக்கப்பட்டிருக்கும். நம் பொருட்டுப் பெயரை விசாரித்துச் சொல்லும் சர்வர்கள், ஒருமுறை பெற்ற விடையை அந்த ஆயுட்காலம் முடியும்வரை தம் நினைவில் வைத்திருந்து, கேட்போர்க்கெல்லாம் அதனையே சொல்லும். ஆயுட்காலம் 86,400 விநாடி என்றால் ஒரு முழு நாள். இன்று காலை நாம் எண்ணை மாற்றினாலும், நாளைக் காலைவரை சிலர் பழைய எண்ணையே அடைவர். எனவே, கணிப்பொறியை இடம் மாற்றக் கருதுவோர், மாற்றத்துக்கு ஒரு நாளேனும் முன்னதாக ஆயுட்காலத்தை 300 விநாடியாகக் குறைத்துவிட்டு, பழைய ஆயுள் முழுவதும் கழிந்தபிறகே எண்ணை மாற்றுவர். மாற்றும் நாளன்றே குறைப்பதால் பயனில்லை. ‘அப்படியொரு பெயர் இல்லை’ என்னும் எதிர்மறை விடையும் இங்ஙனமே நினைவில் வைக்கப்படும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். பெயரை எழுதுமுன்னரே ஆவலால் ஒருமுறை விசாரித்துப் பார்த்தவர், எழுதியபின்னும் சிறிது நேரம் ‘இல்லை’ என்னும் விடையையே பெறுவது இதனால்தான்.

இரண்டாவது, ஒரு மண்டலத்துக்குத் தலைமைச் சர்வர் ஒன்றும் துணைச் சர்வர்கள் சிலவும் இருக்கும். தலைமைப் பதிவில் ஒரு வரிசை எண் உண்டு. துணைச் சர்வர்கள் அவ்வெண்ணை அவ்வப்போது நோக்கி, அது முன்னைவிடக் கூடியிருந்தால் மட்டுமே புதிய பிரதி எடுத்துக்கொள்ளும். ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றோடு ஈரிலக்கம் சேர்த்து 2025102001 என்பது போல் எழுதுவது வழக்கம். கையால் திருத்துவோர் வரிசை எண்ணைக் கூட்ட மறந்தால், தலைமைச் சர்வர் ஒன்று கூற, துணைச் சர்வர்கள் வேறொன்று கூறும். அலுவலகத்தில் பாதிப்பேருக்குப் பக்கம் திறக்கிறது, பாதிப்பேருக்குத் திறக்கவில்லை என்னும் புகார் எழுந்தால், அனுபவமுள்ளோர் முதலில் நோக்குவது இவ்வெண்ணையே.

இன்னொரு பொறியும் உண்டு. அது ஒரு புள்ளி. பதிவேட்டுக் கோப்பில் ஒரு முழுப் பெயரை எழுதினால் இறுதியில் புள்ளி இடுதல் வேண்டும். புள்ளி இல்லையேல், அது முற்றுப்பெறாத பெயர் என்று கொண்டு சர்வர் மண்டலத்தின் பெயரைத் தானே ஒட்டிவிடும். உதாரணம்.பரிட்சை என்பது உதாரணம்.பரிட்சை.உதாரணம்.பரிட்சை என்றாகிவிடும்.

இத்தகைய பிழைகளைக் கையால் எழுதுவோரே செய்வர் என்று எண்ணுதல் தவறு. 2009-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் இரவு, சுவீடன் நாட்டுக்குரிய மண்டலத்தின் பதிவேட்டை ஆக்கும் நிரல் ஒன்று, சரிவரச் சோதிக்கப்படாத மாற்றத்தால், இறுதிப் புள்ளியை விட்டுவிட்டது. ஒரு மனிதன் புள்ளியை மறந்தால் ஒரு பதிவு கெடும். நிரல் மறந்ததால் சுமார் 9 லட்சம் பெயர்களைக் கொண்ட நாட்டு மண்டலம் முழுவதும் கெட்டது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் திருத்திய கோப்பை வெளியிட்டனர். ஆயினும் பிழையான விடைகளை ஏற்கெனவே நினைவில் கொண்டுவிட்ட சர்வர்கள், அவற்றின் ஆயுள் முடியும்வரை அவற்றையே சொல்லிக்கொண்டிருந்தன.

திருத்த விண்ணப்பம்

கோப்பைத் திறந்து எழுதி மூடும் பழைய முறைக்கு மாற்றாக, வலையின் வழியே சர்வருக்கு ஒரு செய்தி அனுப்பிப் பதிவைத் திருத்தும் முறை 1997-ஆம் ஆண்டு ஏப்ரலில் 2136 என்னும் எண்ணுள்ள நியமமாக வெளிவந்தது. பால் விக்சி, சூசன் தாம்சன், யாகோவ் ரெக்டர், ஜிம் பவுண்ட் ஆகியோர் அதன் ஆசிரியர்கள். அச்செய்தியை நாம் திருத்த விண்ணப்பம் என்று அழைக்கலாம். அரசாங்க அலுவலகத்தில் நாம் கொடுக்கும் விண்ணப்பம் போன்றே அதற்கும் பகுதிகள் உள்ளன.

முதற்பகுதியில், எந்த மண்டலத்தின் பதிவேடு என்பது குறிக்கப்படுகிறது. இரண்டாவது பகுதி முன்நிபந்தனை. மூன்றாவது பகுதியில்தான் செய்யவேண்டிய திருத்தம் எழுதப்படுகிறது. நான்காவது பகுதி உபரிச் செய்திகளுக்கு உரியது.

திருத்தம் நான்கு வகைப்படும். ஒரு பதிவைச் சேர்க்கலாம். குறிப்பிட்ட ஒரு பதிவை மட்டும் நீக்கலாம். ஒரு பெயரின் குறிப்பிட்ட வகைப் பதிவுகள் அனைத்தையும் நீக்கலாம். பெயரின் எல்லாப் பதிவுகளையும் நீக்கலாம். ஒரே விண்ணப்பத்தில் பல திருத்தங்கள் இருப்பின், சர்வர் அனைத்தையும் செய்யும், அல்லது ஒன்றையும் செய்யாது. பாதி செய்து பாதி விடுதல் இல்லை. எனவே பழைய எண்ணை நீக்குதலையும் புதிய எண்ணைச் சேர்த்தலையும் ஒரே விண்ணப்பத்தில் எழுதினால், இடையே பெயர் எண்ணின்றி நிற்கும் கணம் ஒன்று எவர் கண்ணிலும் படாது. வரிசை எண்ணைச் சர்வரே கூட்டிக்கொள்ளும். மண்டலத்தின் தலைமைப் பதிவையோ, பெயர்ச் சர்வர்களைக் குறிக்கும் தலைப்புப் பதிவுகள் அனைத்தையுமோ நீக்கச் சொல்லும் விண்ணப்பத்தைச் சர்வர் செவிமடுக்காது. ஏனைய பெயர்களுக்கு இத்தகைய காப்பு இல்லை. அவற்றை வெறுமையாக்கச் சொன்னால் வெறுமையாக்கிவிடும்.

இந்நியமத்தின் உயிர்நிலை முன்நிபந்தனையே என்பது இவ்வாசிரியரின் துணிபு. ஐவகை நிபந்தனைகள் விதிக்கலாம். இப்பெயர் பதிவேட்டில் இருக்கவேண்டும் எனலாம், இருக்கக்கூடாது எனலாம், இப்பெயருக்கு இவ்வகைப் பதிவு இருக்கவேண்டும் எனலாம், இருக்கக்கூடாது எனலாம். ஐந்தாவது வகை எல்லாவற்றினும் கூரியது: இப்பெயருக்கு இவ்வகைப் பதிவுகளாக இருப்பவை சரியாக இவையே ஆதல் வேண்டும் எனலாம்.

ஓர் உதாரணம் கொள்வோம். உதாரணம்.பரிட்சை என்னும் பெயர் இப்போது 192.0.2.10 என்னும் எண்ணைக் காட்டுகிறது. அதனை 198.51.100.25 என மாற்ற வேண்டும். இதற்கெனப் பெரிதும் பயன்படும் கருவி என்.எஸ்.அப்டேட் என்பது, பைண்ட் என்னும் புகழ்பெற்ற பெயர்ச் சர்வரோடு சேர்ந்தே வழங்கப்படுவது. அக்கருவிக்கு நாம் வரிசையாகச் சொல்லுவன இவை: முதலில் சர்வரின் முகவரி, அடுத்து மண்டலத்தின் பெயர், பின்னர், ‘இப்பெயருக்கு இப்போதுள்ள எண் 192.0.2.10 ஆயின்’ என்னும் நிபந்தனை. அதன்பின் பழைய எண்ணை நீக்குக, 300 விநாடி ஆயுளுடன் புதிய எண்ணைச் சேர்க்க என்னும் இரு திருத்தங்கள். இறுதியில் அனுப்புக என்னும் கட்டளை. இடைப்பட்ட நேரத்தில் வேறொரு கருவியோ மனிதரோ அவ்வெண்ணை மாற்றியிருந்தால், நிபந்தனை பொய்யாகிறது. சர்வர் மறுப்புக் குறியீட்டை அனுப்பிவிட்டு, பதிவேட்டைத் தொடாமல் விடுகிறது.

இதே வேலையை நிபந்தனையின்றியும் செய்யலாமே என்பார் உளர். முதலில் பதிவை விசாரித்து எண் பழையதுதானா என்று பார்த்துக்கொண்டு, பிறகு திருத்தத்தை அனுப்பலாமே எனின், பார்த்த கணத்துக்கும் எழுதிய கணத்துக்கும் இடையே ஒரு வெளி இருக்கிறது. இருப்புப்பாதையைக் கடப்பவன் வண்டி வருகிறதா என்று பார்த்துவிட்டு, பின்னர் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டு, அதன்பின் கடப்பது போன்றது அது. பெரும்பாலும் ஒன்றும் நேராது. முன்நிபந்தனை அவ்வெளியை இல்லாமற் செய்கிறது. சோதிப்பதும் எழுதுவதும் சர்வரின் உள்ளேயே, இடையில் வேறெந்தத் திருத்தமும் புகாதபடி ஒரே செயலாக நிகழ்கின்றன.

விண்ணப்பத்துக்குக் கையொப்பம்

விண்ணப்பத்தை எவரும் அனுப்பலாம் என்றால் பதிவேடு சூறையாடப்படும். தொடக்கத்தில், இன்ன எண் முகவரியிலிருந்து வரும் விண்ணப்பங்களை ஏற்க என்று மட்டுமே சர்வர்களுக்குச் சொல்லிவைத்தனர். அனுப்புவோன் தன் முகவரியைப் பொய்யாக எழுதுதல் கூடுமாதலால் அக்காவல் வலுவற்றது. 2000-ஆம் ஆண்டில் டி-சிக் என்னும் கையொப்ப முறை வந்தது. சர்வரும் கருவியும் ஒரு இரகசியத் திறவைத் தம்மிடையே வைத்துக்கொள்கின்றன. கருவி, விண்ணப்பத்தின் வாசகத்தையும் அத்திறவையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பெற்ற முத்திரையை இறுதியில் இணைக்கிறது. சர்வர் தானும் அக்கணக்கைச் செய்து ஒப்பிடுகிறது. ஓர் எழுத்து மாறினும் முத்திரை ஒவ்வாது.

முத்திரைக்குள் நேரமும் அடங்கியிருக்கும். பழைய விண்ணப்பத்தை எவரேனும் கைப்பற்றி மீண்டும் அனுப்புவதைத் தடுப்பதற்காக. இரு கடிகாரங்களும் 300 விநாடிக்குள் ஒத்திருக்கவேண்டும் என்பது பரிந்துரைக்கப்பட்ட அளவு. நேற்றுவரை ஏற்கப்பட்ட கையொப்பம் இன்று திடீரென மறுக்கப்பட்டால், திறவை ஐயுறுமுன் கடிகாரத்தைப் பார்க்க.

ஒரு திறவுக்கு மண்டலம் முழுவதையும் திருத்தும் உரிமை கொடுத்தல் சோம்பலின் பயன். இன்ன பெயரில், இன்ன வகைப் பதிவை மட்டும் இத்திறவு திருத்தலாம் என வரையறுக்கப் பைண்ட் சர்வரில் வழி உண்டு. அதன் தேவையைப் பின்வருவது காட்டும்.

சான்றிதழும் இரு கருவிகளும்

ஓர் அலுவலகம் ஆண்டுக்கு இரண்டொரு முறையே பெயர்ப் பதிவைத் திருத்துகிறது என்றால், அதற்குக் கருவி எதற்கு? இக்கேள்வி நியாயமானதாக இருந்த காலம் கழிந்துகொண்டிருக்கிறது. இணையப் பக்கங்களின் உண்மையை உறுதிப்படுத்தும் சான்றிதழ்கள் முன்னர் ஓராண்டுக்கு மேலும் செல்லுபடியாயின. சான்றிதழ் வழங்குவோரும் உலாவி ஆக்குவோரும் கூடிய பேரவை, 2025-ஆம் ஆண்டு ஏப்ரலில், அவற்றின் உச்ச ஆயுளை 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் எனப் படிப்படியாகக் குறைப்பதென்று முடிவு செய்தது. ஆண்டுக்குச் சுமார் எட்டு முறை சான்றிதழைப் புதுப்பிக்கும் வேலையைக் கையால் செய்தல் இயலாது.

புதுப்பிக்கும்போது, பெயர் நம்முடையதுதான் என்பதை மெய்ப்பிக்க வேண்டும். அதற்கான வழிகளுள் ஒன்று, சான்றிதழ் வழங்குவோர் தரும் வாசகத்திலிருந்து கணக்கிட்ட ஓர் அடையாளத்தை, நம் பெயரின் முன் ‘ஆக்மி சாலஞ்ச்’ என்னும் அடைமொழி சேர்த்த தனிப்பெயரின் கீழ் வாசகப் பதிவாக எழுதுவது. அவர்கள் விசாரித்து அதனைக் கண்டால் சான்றிதழ் தருவர். பிறகு அப்பதிவை நீக்கிவிடலாம். எழுதுவதும் நீக்குவதும் கருவியின் வேலை. ஒரு பெயரின் கீழுள்ள எல்லாப் பெயர்களுக்கும் பொதுவான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற நிறுவனத்திடம் பெற வேண்டுமாயின் இவ்வழி இன்றியமையாதது.

இங்கும் அதே இடர் ஒளிந்திருக்கிறது. பொதுச் சான்றிதழுக்காக ஒரு கருவியும், தனிப்பெயரின் சான்றிதழுக்காக மற்றொரு கருவியும் ஒரே நேரத்தில் இயங்கினால், இரண்டும் ஒரே தனிப்பெயரின் கீழ் தத்தம் வாசகத்தை எழுதும். எழுதுமுன் பழையதைத் துடைத்துவிடும் கருவி, மற்றதன் வாசகத்தை அழித்துவிடும். வேலை முடிந்தபின் ‘இப்பெயரின் வாசகப் பதிவுகள் அனைத்தையும் நீக்குக’ என்று கேட்கும் கருவியும் அதே தீங்கைச் செய்யும். தான் எழுதிய அந்த ஒரு பதிவை மட்டும், அதன் வாசகத்தைச் சொல்லி நீக்குவதே முறை. நியமத்தில் நீக்குதல் பலவகையாகப் பிரிக்கப்பட்டதன் பயன் இத்தகைய இடங்களில் விளங்கும்.

தீபாவளியன்று நிகழ்ந்தது

இனித் தொடக்கத்தில் கூறிய விபத்துக்குத் திரும்புவோம். அமேசான் கம்பெனியார் பின்னர் வெளியிட்ட விரிவான அறிக்கையிலிருந்து அதன் வரலாறு தெரியவருகிறது.

டைனமோ டிபி சேவையின் பெயருக்குப் பின்னால் மிகப்பல கணிப்பொறிகள் உள்ளன. எவை நலமாக உள்ளன, எவை சுமை தாங்கும் என்பது நிமிடந்தோறும் மாறுவதால், அப்பெயரின் பதிவுகளையும் இடைவிடாது மாற்ற வேண்டும். இதற்கென இருவகைக் கருவிகளை அமைத்திருந்தனர். ஒன்று திட்டமிடும் கருவி. இன்ன பெயருக்கு இன்ன எண்கள் என்னும் திட்டத்தை அது அவ்வப்போது புதிது புதிதாக ஆக்கும். மற்றது நிறைவேற்றும் கருவி. திட்டத்தை எடுத்துப் பெயர்ப் பதிவேட்டில் ஏற்றும். ஒன்று கெட்டாலும் வேலை நிற்கலாகாது என்று, நிறைவேற்றும் கருவிகள் மூன்றினை மூன்று தனித்தனி இடங்களில் நிறுவியிருந்தனர். திட்டத்தை ஏற்றத் தொடங்குமுன், தன் கையிலுள்ள திட்டம் முன்பு ஏற்றப்பட்டதைவிடப் புதியதுதானா என்று ஒவ்வொன்றும் சோதிக்கும்.

அன்று, நிறைவேற்றும் கருவிகளுள் ஒன்று சோதனையை முடித்துக்கொண்டு வேலையைத் தொடங்கியது. சில பெயர்களைத் திருத்துவதில் அதற்கு வழக்கத்துக்கு மாறான தாமதம் ஏற்பட்டது. மீண்டும் மீண்டும் முயன்றுகொண்டிருந்தது. அதற்குள் திட்டமிடும் கருவி பல புதிய திட்டங்களை ஆக்கிவிட்டது. இரண்டாவது நிறைவேற்றும் கருவி அவற்றுள் ஒரு புதிய திட்டத்தை எடுத்து எல்லாப் பெயர்களிலும் விரைந்து ஏற்றி முடித்தது. முடித்தபின், மிகப் பழைய திட்டங்களைத் தேடி அழிக்கும் துப்புரவு வேலையைத் தொடங்கியது. அதே வேளையில், தாமதப்பட்ட முதற்கருவி டைனமோ டிபியின் பெயரை அடைந்து, தன் கையிலிருந்த பழைய திட்டத்தைப் புதியதன்மேல் ஏற்றிவிட்டது. ‘என் திட்டம் புதியது’ என்று அது செய்த சோதனை தொடக்கத்தில் உண்மையாயிருந்தது, எழுதும்போது பொய்யாகிவிட்டது. அடுத்த கணம், துப்புரவு செய்த கருவி அப்பழைய திட்டத்தைக் கண்டு, இது பல தலைமுறை கடந்தது என்று அழித்தது. ஆனால் நடப்பில் இருந்தது அத்திட்டமே. எனவே அப்பெயரின் எண்கள் யாவும் ஒருங்கே நீங்கின. அத்துடன், அடுத்த திட்டத்தை எந்தக் கருவியும் ஏற்றமுடியாத முரண்பட்ட நிலையும் உண்டாயிற்று. மனிதர் தலையிட்டுத் திருத்தியபோது நம் நாட்டு நேரம் பிற்பகல் 2 மணி 55 நிமிடம். ஆங்காங்கே நினைவில் இருந்த விடைகள் ஆயுள் முடிந்து நீங்க மேலும் கால்மணி நேரம் ஆயிற்று. அதன்பின் எஞ்சிய மணிகள், டைனமோ டிபியைச் சார்ந்த பிற சேவைகளின் குழப்பத்தைத் தீர்ப்பதில் கழிந்தன. இரு கருவிகளையும் உலகெங்கும் நிறுத்திவைத்த கம்பெனியார், குறையை நீக்கி, தவறான திட்டம் ஏறாவண்ணம் காவல் சேர்த்தபிறகே மீண்டும் இயக்குவதாக அறிவித்தனர்.

மூன்று கருவிகளை வைத்தது பாதுகாப்புக்காக. ஒரே ஒரு கருவி இருந்திருப்பின் இவ்விபத்தே இல்லை என்பதை எண்ணும்போது, பதிவேட்டில் எழுதும் கைகளைப் பெருக்குவதற்குமுன் எவ்வளவு யோசிக்க வேண்டும் என்பது தெரிகிறது. சோதனை இருந்தது, எழுத்தும் இருந்தது, அவ்விரண்டும் ஒரே செயலாக இணைக்கப்படவில்லை. 1997-ஆம் ஆண்டின் நியமத்தில் அவ்விணைப்பு எழுதப்பட்டிருந்தது என்பதை மீண்டும் நினைவூட்ட வேண்டுவதில்லை.

இன்று பலர் தாமே பெயர்ச் சர்வர் வைத்துக்கொள்ளாமல், பெரிய கம்பெனிகளின் பெயர்ச் சேவையை அமர்த்திக்கொள்கின்றனர். அங்கே திருத்த விண்ணப்பத்துக்குப் பதிலாக அந்தந்தக் கம்பெனியின் கட்டளை முறை வழங்குகிறது. நிபந்தனை என்னும் பெயர் இல்லாவிடினும் அதன் பயனை அங்கும் பெற வழி உண்டு. ரூட் 53 என்னும் சேவையில் ‘இருந்தால் மாற்று, இல்லையேல் உண்டாக்கு’ என்னும் கட்டளை ஒன்று உள்ளது. அது எளியது, ஆகையால் பெரும்பாலோர் அதனையே கையாள்கின்றனர், அது முன்னிருந்தது எதுவென்று கேளாமலே மேலே எழுதிவிடும். ‘நீக்கு’ என்னும் கட்டளையோ, நீக்கப்படும் பதிவின் இப்போதைய விவரத்தைச் சரியாகச் சொன்னால்தான் செல்லும். நீக்குதலையும் புதிதாக உண்டாக்குதலையும் ஒரே தொகுதியாக அனுப்பினால், விவரம் ஒவ்வாதபோது தொகுதி முழுவதும் தள்ளப்படுகிறது. இரு வரி கூடுதலாக எழுதும் உழைப்புத்தான் வேற்றுமை.

நம் அலுவலகத்தில் தொடங்குவது எங்ஙனம்

பதிவேட்டைக் கருவியிடம் ஒப்படைத்தபின் கையால் எழுதும் பழக்கத்தை விடுதல் வேண்டும். விண்ணப்பங்களை ஏற்கும் மண்டலத்துக்கு, பைண்ட் சர்வர் கோப்போடு ஒரு நாட்குறிப்பையும் வைத்துக்கொள்கிறது; திருத்தங்கள் முதலில் அதிலேயே எழுதப்படும். இவ்வாசிரியர் பணிபுரிந்த ஓர் அலுவலகத்தில், நண்பர் ஒருவர் பழைய வழக்கப்படி கோப்பைத் திறந்து ஒரு பெயரைச் சேர்த்துச் சர்வரை மீண்டும் இயக்கினார். நாட்குறிப்பும் கோப்பும் ஒவ்வாமையால் சர்வர் அம்மண்டலத்தை ஏற்கவே மறுத்தது. மாலைவரை அஞ்சல் இல்லை. கையால் எழுதியே ஆகவேண்டுமாயின், முதலில் மண்டலத்தை உறையவைத்து, எழுதி முடித்தபின் உறைவு நீக்க வேண்டும். அதற்கெனத் தனிக் கட்டளைகள் உள்ளன.

பதிவேடு முழுவதையும் ஒரு மூலக்கோப்பில் எழுதிவைத்து, நடப்பிலுள்ளதோடு ஒப்பிட்டு, வேற்றுமையை மட்டும் ஏற்றும் கருவிகளும் வந்துள்ளன. கிட்ஹப் கம்பெனியார் 2017-இல் வெளியிட்ட ஆக்டோ டி.என்.எஸ். அவற்றுள் ஒன்று. அது முதலில், செய்யப்போகும் மாற்றங்களைப் பட்டியலிட்டுக் காட்டிவிட்டு நிற்கும். தனியே உத்தரவு கொடுத்தாலன்றி எதையும் எழுதாது. பத்துக்குக் குறையாத பதிவுகள் உள்ள மண்டலத்தில் 30 சதவீதத்துக்கு மேற்பட்டவை மாறுமாயின் அல்லது நீங்குமாயின், உத்தரவு கொடுத்தாலும் மறுக்கும். சுவீடன் விபத்துப் போன்றவற்றுக்கு இது நல்ல தடை. ஒரே ஒரு பெயர் வெறுமையாகும் விபத்தை இது தடுக்காது.

புதிய கருவியைச் சோதிக்க விரும்புவோர் அலுவலகத்தின் அஞ்சல் பதிவில் கைவைக்க வேண்டா. எவரும் பயன்படுத்தாத ஒரு பெயரை 60 விநாடி ஆயுளுடன் உண்டாக்கிக்கொள்க. அதன் எண் 192.0.2.10 என்றிருக்கையில், நிபந்தனையில் வேண்டுமென்றே 192.0.2.11 என்று எழுதித் திருத்தத்தை அனுப்புக. பின்னர், இடையிலுள்ள சர்வர்களின் நினைவை நம்பாமல், தலைமைச் சர்வரையே நேரில் விசாரித்து எண் மாறியிருக்கிறதா என்று பார்க்க. மறுப்பு வந்து, எண்ணும் வரிசை எண்ணும் மாறாதிருந்தால், நிபந்தனையை மெய்யாக்கி மீண்டும் அனுப்பலாம். எண் மாறியிருந்தால், கருவி நிபந்தனையை அனுப்பவே இல்லை என்பது தெளிவு. அதன் அமைப்பைச் சரிசெய்து, இதே சோதனையில் மறுப்பைப் பெறும்வரை, அத்திறவுக்கு வேறெந்தப் பெயரின்மீதும் உரிமை கொடுத்தல் ஆகாது.